ஆன்லைன் கம்பெனிகளும் தெருமுனைக் கடைகளும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடியில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை இருக்கிறது. அப்பா 1986ல் உடன்குடிப் பக்கத்திலிருந்து ராயபுரத்தில் ஒரு கடைக்குப் பையனாக வேலைக்கு வந்தவர். பத்து வருடம் கழித்து சொந்தக் கடை போட்டார். கடந்த ஒன்பது வருடமாக கணக்கு வழக்கை நான் பார்க்கிறேன். கடைக்கு வருகிறவர்களும், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும், என் கல்லூரித் தோழிகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஆப்பில் இவ்வளவு குறைவாகக் கொடுக்கிறார்களே, அப்படியானால் அண்ணாச்சி கடையில் கூடுதலாக வாங்குகிறார்களா?

இல்லை. ஆனால் இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

போன வருடம் ஒரு நாள், தினமும் வருகிற ஒரு அக்கா போனை நீட்டினார். "பாரும்மா, இதே எண்ணெய் 135 ரூபாய் போட்டிருக்கான். நீங்க 148 சொல்றீங்க." கல்லாவுக்குக் கீழே இருந்த ஏஜென்சி பில்லை எடுத்துக் காட்டினேன். அந்தப் பாக்கெட் எங்கள் கைக்கு வந்த விலையே 142 ரூபாய். அக்கா பில்லை இரண்டு தடவை பார்த்தார். "அப்போ நீங்களும் அங்கேயே வாங்கி வித்துடுங்களேன்" என்றார். சில கடைக்காரர்கள் உண்மையிலேயே அப்படி வாங்கி விற்கிறார்கள்.

ஆப் கம்பெனிகளுக்கு இது எப்படி முடிகிறது? முதலில், அவர்கள் லோடு லோடாக எடுக்கிறார்கள். நாங்கள் லைனுக்கு வரும் சேல்ஸ்மேனிடம் ஒரு பெட்டி, அரைப் பெட்டி எடுக்கிறோம். அளவு மாறினால் விலை மாறும், இது எல்லா வியாபாரத்திலும் உள்ளதுதான். ஆனால் பொருள் தயாரிக்கும் கம்பெனிகள் ஒரே பொருளுக்குப் பெரிய நிறுவனங்களுக்கு ஒரு விலை, ஊர் விநியோகஸ்தருக்கு வேறு விலை போடுவதாகப் பல வருடமாகப் புகார் இருக்கிறது. 2022 தொடக்கத்தில் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு இதற்காகவே மகாராஷ்டிராவில் சில கம்பெனிப் பொருள்களை எடுக்க மறுத்துப் போராடியது.

அடுத்தது முதலீட்டாளர் பணம். ஃப்ளிப்கார்ட் 2007ல் பெங்களூரில் புத்தகம் விற்கத் தொடங்கிய கம்பெனி. அமேசான் 2013ல் இந்தியாவில் கடை விரித்தது. 2018ல் வால்மார்ட் சுமார் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃப்ளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்கை வாங்கியது. இவை பல வருடம் நஷ்டத்தில்தான் ஓடின. ஓட முடிந்தது, ஏனென்றால் நஷ்டத்தை நிரப்பப் பணம் வந்துகொண்டே இருந்தது.

எங்கள் கடை ஒரே ஒரு மாதம் நஷ்டத்தில் ஓடினால் அடுத்த மாதச் சரக்குக்குப் பணம் இருக்காது. பிராண்டு சோப்பு, பிஸ்கட்டில் எங்களுக்கு நிற்பது நூறு ரூபாய்க்கு எட்டிலிருந்து பன்னிரண்டு ரூபாய். வாடகை, கரண்ட் பில், பையன் சம்பளம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இதை விலைப் போட்டி என்கிறார்கள். யார் அதிக நாள் நஷ்டம் தாங்குவார்கள் என்கிற போட்டியாகத்தான் எனக்கு இது தெரிகிறது.

எந்தக் கடைகளுக்கு அடி அதிகம்?

முதலில் விழுந்தது மொபைல் கடைகள். 2014ல் மோட்டோரோலாவின் மோட்டோ ஜி, ஷாவ்மியின் எம்ஐ 3 இரண்டும் ஃப்ளிப்கார்ட்டில் மட்டும்தான் விற்பனைக்கு வந்தன. விலை குறைக்க முடியாத கதை கூட இல்லை இது. கடைக்காரருக்குச் சரக்கே கிடைக்காது. பெரம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் புது போன் விற்பதை அப்போதே குறைத்துக்கொண்டார். இப்போது டெம்பர்டு கிளாஸ், கவர், ரிப்பேர், ரீசார்ஜ் என்று ஓட்டுகிறார்.

பர்மா பஜாரை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்களுக்காக 1969ல் பாரிமுனையில் உருவான கடைத்தெரு அது. வெளிநாட்டு வாட்ச், செண்ட், டேப் ரெக்கார்டர் வேண்டுமானால் சென்னை முழுக்க அங்கேதான் வரும். 1991க்குப் பிறகு இறக்குமதி தாராளமானபோது ஒரு அடி. வெளிநாட்டுப் பொருள் எல்லாம் போனிலேயே கிடைக்கத் தொடங்கியபோது இரண்டாவது அடி.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு அந்த அளவு விழவில்லை. துணியைத் தொட்டு, இழுத்துப் பார்த்து, பேரம் பேசி வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்த ரோட்டில் நடந்து பாருங்கள். காசிமேட்டு மீனும் ஓரளவு தாங்குகிறது. வாசலுக்கே வந்து, கண்ணெதிரே செதில் சீவி வெட்டிக் கொடுக்கும் மீன்காரம்மாவின் வேலையை ஆப் முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை.

சூப்பர் மார்க்கெட் வந்தபோதும் இப்படித்தான் பயந்தீர்கள். அப்போது பிழைத்தவர்கள் இப்போது பிழைக்க மாட்டீர்களா?

அப்போது பிழைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மாத லிஸ்ட் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகும். அவசரத்துக்கு வாங்குவது எங்களுக்கு வரும். ராத்திரி ஒன்பது மணிக்குத் தோசைக்கு மாவு இல்லை, விருந்தாளி வந்துவிட்டார், பிள்ளைக்கு ஸ்கூலுக்கு சார்ட் பேப்பர் வேண்டும் என்றால் தெருமுனைதான்.

பத்து நிமிட டெலிவரி கை வைத்திருப்பது அதில்தான். ஸ்விக்கியின் இன்ஸ்டாமார்ட் 2020ல் தொடங்கியது, ஜெப்டோ 2021ல். குரோஃபர்ஸ் என்று இருந்த கம்பெனி 2021 டிசம்பரில் பிளிங்கிட் ஆகி, 2022ல் ஜொமாட்டோ கைக்குப் போனது. இவர்கள் குடியிருப்புகளுக்கு நடுவே 'டார்க் ஸ்டோர்' வைக்கிறார்கள். ரேக், ஃபிரிட்ஜ் எல்லாம் கடை போலவே இருக்கும், ஆனால் நீங்களும் நானும் உள்ளே போக முடியாது. ஆர்டரை எடுத்துக் கட்டிக் கொடுக்கும் இடம். அதே விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு 2024 அக்டோபரில் இந்தக் கம்பெனிகள் அடக்க விலைக்கும் கீழே விற்கின்றன என்று, வியாபாரத்தில் நியாயமற்ற போட்டியை விசாரிக்கும் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது.

எங்கள் கடையில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் நடக்கும் வியாபாரம் மூன்று வருடத்துக்கு முன் இருந்ததில் பாதிதான். முட்டை, பிரட், ஐஸ்கிரீம், நூடுல்ஸ் நாலும்தான் முதலில் குறைந்தன.

கடையில் கடன் கொடுப்பீர்கள், சரி. அதற்கு என்ன அவ்வளவு மதிப்பு?

இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், மன்னிக்கவும்.

எங்கள் அக்கவுண்ட் நோட்டில் நாற்பத்து மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர், வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், ஒரு கம்பெனி வாட்ச்மேன். மாதம் முழுக்க வாங்கிக்கொண்டு சம்பளம் வந்ததும் கொடுப்பார்கள். ஒரு குடும்பம் மாதம் 4,000 ரூபாய்க்கு வாங்குகிறது என்று வையுங்கள். அந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது, கையெழுத்து கூட கிடையாது.

இதே குடும்பம் தண்டலுக்கு, அதாவது தினத் தவணைக் கடனுக்குப் போனால் என்ன ஆகும்? 10,000 ரூபாய் தண்டல் என்றால் பெரும்பாலும் 8,500தான் கையில் வரும். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் 1,500 ரூபாய் போய்விடுகிறது. அரிசி பருப்புக்கு அந்த வாசலில் போய் நிற்காமல் இருக்கிறார்களே, அந்த 1,500 ரூபாயை ஆப் காட்டும் தள்ளுபடிக்குப் பக்கத்தில் யாரும் எழுதிப் பார்ப்பதில்லை.

இன்னொன்று, அளவு. ஒரு பெண் குழந்தை, மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், சாயந்திரம் ஆறு மணிக்கு பத்து ரூபாய்த் தாளோடு வருவாள். "அண்ணாச்சி, அம்மா அஞ்சு ரூபாய்க்குக் கடுகு, அஞ்சு ரூபாய்க்கு பூண்டு கேட்டாங்க." அப்பா பேப்பரைக் கூம்பாகச் சுருட்டிக் கடுகைப் போட்டு மடிப்பார், பூண்டில் ஒரு பல் கூட வைப்பார். ஆப்பில் பத்து ரூபாய்க்கு ஆர்டர் போட்டால் டெலிவரி, ஹேண்ட்லிங், சின்ன ஆர்டருக்கான கட்டணம் என்று பொருளைவிட அதிகம் ஏறும். அன்றாடக் கூலியில் வாழ்கிறவர்கள் அன்றாடம் வாங்குகிறார்கள். இது தமிழ்நாட்டுக்கு ரொம்பத் தெரிந்த விஷயம். சாம்பு சாஷேவுக்கு முன்னோடி கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். பாட்டில் வாங்க முடியாதவர் கைக்கு சாம்பு போய்ச் சேர்ந்தது பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்கிய அந்தப் பொட்டலங்களால்.

நோட்டில் ஏமாற்றமும் உண்டு. சொல்லாமல் வீடு காலி செய்துவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு வேதனை, அக்கவுண்ட்டில் பாக்கி இருக்கும்போது கையில் உள்ள காசுக்கு ஆப்பில் வாங்குவது. காசு அங்கே, கடன் இங்கே என்றால் எந்தக் கடையும் நிற்காது.

மழை வெள்ளம் வந்தால்?

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பிவிட்டது, எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. அப்பாவும் பையனும் அரிசி மூட்டைகளை மேஜை மேல் அடுக்கிவிட்டு ஷட்டரைப் பாதி தூக்கி வைத்தார்கள். மெழுகுவத்தி, தீப்பெட்டி, பால் பவுடர், பிஸ்கட், ரவை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நோட்டில் எழுதினேன். தண்ணீர் பட்டு மை பரவிய அந்த நான்கு பக்கங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவராக வந்து கொடுத்தார்கள். மூன்று பேர் பாக்கி.

நனைந்து போன சர்க்கரைக்கும் மாவுக்கும் எங்களுக்கு எந்த ஈடும் கிடைக்கவில்லை. அப்பா ஒரு சங்கிலியை அடகு வைத்துத்தான் பொங்கல் சரக்கு எடுத்தார்.

டெலிவரி வேலை நம் பகுதிப் பையன்களுக்குத்தானே கிடைக்கிறது?

கிடைக்கிறது, அதை மறுக்கவே மாட்டேன். எங்கள் தெருவிலேயே ஆறு பேர் ஓட்டுகிறார்கள். சிலர் கடைப் பையன் சம்பளத்தைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள். 2023ல் தமிழ்நாடு அரசு இவர்களுக்குத் தனி நல வாரியமும் அமைத்தது, நல்ல விஷயம்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். அப்பா பதினைந்து வயதில் பொட்டலம் மடிக்க வந்தார். பிறகு தராசு, பிறகு கல்லா, பிறகு கொத்தவால் சாவடிப் பக்கம் பருப்பு மசாலா கொள்முதல், செங்குன்றம் மண்டியில் அரிசி பார்த்து எடுப்பது. காய்கறி மொத்த வியாபாரம் 1996ல் கோயம்பேட்டுக்குப் போனபோது எந்த வண்டியில் யாரோடு போவது என்பது வரை முதலாளி சொல்லிக்கொடுத்தார். கடைசியில் அந்த முதலாளியே கொஞ்சம் சரக்கைக் கடனாக இறக்கிக் கொடுத்து, "நீ தனியா போடுடா" என்று அனுப்பினார். தென் மாவட்டங்களிலிருந்து வந்து சென்னையில் கடை போட்டவர்களில் ஏகப்பட்ட பேர் கதை இதுதான். அந்த நாளில் பதினைந்து வயதுப் பையனை வேலைக்கு வைத்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அப்பா படிக்க ஆசைப்பட்டவர். வேலை பழகியவர் முதலாளி ஆவதற்கு ஒரு வழி இருந்தது என்பதைச் சொல்கிறேன். ஐந்து வருடம் பைக் ஓட்டிய தம்பிக்கு அதே ஆப்பில் அடுத்து ஏறுவதற்கு என்ன படி இருக்கிறது? நான் கேட்டுப் பார்த்த யாருக்கும் பதில் தெரியவில்லை.

இதையெல்லாம் கேட்க சட்டம் இல்லையா?

இருக்கிறது. 2012 செப்டம்பரில், பல பிராண்டுப் பொருள்களை ஒரே இடத்தில் விற்கும் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தது, முடிவை மாநிலங்களிடம் விட்டது. தமிழ்நாட்டில் அனுமதி இல்லை என்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். வாசலை அடைத்தாயிற்று என்று வியாபாரிகள் நிம்மதியாக இருந்தார்கள். அப்புறம் அதே முதலீடு போன் வழியாக வீட்டுக்குள் வந்தது.

2016 மார்ச் விதிப்படி, அந்நிய முதலீடு உள்ள ஆன்லைன் கம்பெனி சந்தை மேடையாக மட்டும் இருக்கலாம். அதாவது வேறு வியாபாரிகளும் வாங்குகிறவரும் சந்திக்க இடம் கொடுக்கலாம், தானே சரக்கு வைத்து விற்கக் கூடாது. ஆனால் தனக்குப் பங்கு உள்ள கம்பெனியை 'வியாபாரி' ஆக்கி விற்கிறார்கள் என்று புகார் எழுந்தது. 2018 டிசம்பரில் அதற்கும் தடை போட்டு விதியை இறுக்கினார்கள். 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறை. எங்கள் மேடையில் மட்டுமே விற்க வேண்டும் என்று எந்தக் கம்பெனியையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் அதில் உண்டு. மொபைல் கடைக்காரர்களுக்கு அது நான்கு வருடம் தாமதம்.

டெல்லி வியாபாரிகள் கொடுத்த புகாரில் அமேசான், ஃப்ளிப்கார்ட் இரண்டையும் விசாரிக்கப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. விசாரணையே கூடாது என்று கோர்ட்டுக்குப் போனதில் வருடங்கள் ஓடின. பெரிய கம்பெனிக்கு வழக்கு இழுப்பது செலவுக் கணக்கில் ஒரு வரி. அந்த வருடங்களில் மூடிய கடை தீர்ப்பு வந்தாலும் திறக்காது. எனக்கு இதில்தான் கோபம்.

அண்ணாச்சி கடைகளிலும் தப்பு நடக்கிறதே?

நடக்கிறது. கூல் டிரிங்க்ஸுக்குக் கூலிங் சார்ஜ் என்று எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம். சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பது, தேதி முடிந்த பாக்கெட்டை முன்னால் வைப்பது, பில் கேட்டால் முகம் சுளிப்பது எல்லாமே தப்பு. ஜனங்கள் ஆப்புக்குப் போனதில் இதற்கும் பங்கு உண்டு. எங்கள் கடையிலும் ஒரு தடவை காலாவதியான மாவு பாக்கெட் போய்விட்டது. அந்த வீட்டுக்கு அப்பாவே போய் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். அதிலிருந்து மாதம் முதல் ஞாயிறு ரேக் முழுக்க இறக்கித் தேதி பார்க்கிறோம்.

நான் ஆன்லைனில் வாங்குவது தப்பா?

இல்லை. கடையில் கிடைக்காத மருந்துக்கும், பிள்ளைக்கு வேண்டிய புத்தகத்துக்கும் நானும் போடுகிறேன். நடக்க முடியாத பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. விலை ஒரே மாதிரி இருக்கும் பொருளையாவது தெருவில் வாங்குங்கள். விலை குறைவு என்று தோன்றினால் கடைசியில் வரும் மொத்தத் தொகையைப் பாருங்கள்.

ஆன்லைனில் வாங்கி ஏமாந்தால் எங்கே போவது?

2020ல் வந்த மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனிக்கும் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வழக்கு போடுவதென்றால் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

கடைக்காரர்களும் ஆன்லைனில் விற்கலாமே?

விற்கலாம், ஆனால் கணக்குப் போட்டு இறங்குங்கள். ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் உள்ள கடைக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. முன்பு ஆன்லைன் மேடையில் விற்றால் ஒரு ரூபாய் வியாபாரத்துக்கும் பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல் மாநிலத்துக்குள்ளேயே விற்கும் சிறு கடைகளுக்கு இதில் தளர்வு கொடுத்திருக்கிறார்கள். உணவுப் பொருள் விற்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் வேண்டும்.

ஓஎன்டிசி என்று மத்திய அரசு ஆதரவில் 2021 இறுதியில் ஒரு பொது வலையமைப்பு தொடங்கினார்கள். 2022 ஏப்ரலில் சோதனை செய்த ஐந்து ஊர்களில் நம் கோயம்புத்தூரும் ஒன்று. ஒரே கம்பெனியின் பிடியில் சிக்காமல் எந்த ஆப் வழியாகவும் கடை தெரிய வேண்டும் என்பது அதன் எண்ணம், எனக்குப் பிடித்த எண்ணம். ஒரு தனியார் ஆப்பில் நாங்களும் சேர்ந்து பார்த்தோம். ஒரு மாதத்தில் வந்தது நான்கு ஆர்டர். கமிஷனும் ரிட்டர்னும் போக கையில் எதுவும் நிற்கவில்லை, விட்டுவிட்டோம். எங்களுக்கு உதவியது சாதாரண வாட்ஸ்அப். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் கூட லிஸ்ட்டை வாய்ஸில் அனுப்புகிறார்கள், பையன் சைக்கிளில் கொடுத்துவிட்டு வருகிறான்.

வணிகர் நல வாரியத்தில் சேர்வதால் பயன் உண்டா?

உண்டு. 1989ல் தொடங்கிய வாரியம் இது. உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை, பிள்ளைகள் படிப்புக்கு உதவி எல்லாம் இருக்கிறது. மே 5 வணிகர் தினக் கூட்டத்துக்குப் போகிறவர்களில் நிறைய பேர் இதில் உறுப்பினராக இல்லை. முதலில் சேருங்கள்.

என் கடையில் வியாபாரம் குறைந்துவிட்டது. எதிலிருந்து தொடங்குவது?

கொள்முதல் பில்களிலிருந்து. கடந்த ஆறு மாத பில்களை மாதவாரியாக அடுக்கி, எந்தப் பொருள் எடுப்பது குறைந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நாங்கள் எழுதியபோது குறைந்தது எல்லாம் பெரிய பாக்கெட் டிடர்ஜென்ட், டயாப்பர், பிராண்டு எண்ணெய் என்று ஆப்பில் சண்டை நடக்கும் பொருள்கள். அதில் முடங்கும் பணத்தைப் பாதியாகக் குறைத்தோம். அந்தப் பணத்தில் இட்லி மாவு, செக்கு எண்ணெய் சில்லறையில், உடன்குடிக் கருப்பட்டி, காலையில் கீரை என்று வைத்தோம். கருப்பட்டி அப்பாவின் தம்பி ஊரிலிருந்தே அனுப்புகிறார், அதனால் அதில் மார்ஜின் பிஸ்கட்டைவிட இரண்டு மடங்கு நிற்கிறது. அக்கவுண்ட்டில் ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் ஏற விடுவதில்லை. பத்தாம் தேதிக்குள் பாதியாவது வாங்கிவிடுகிறோம். வாடகை ஒப்பந்தம் முடிய எத்தனை மாதம் இருக்கிறது என்பதையும் அதே தாளில் எழுதி வையுங்கள். எங்களுக்குப் பதினான்கு மாதம் இருக்கிறது, வீட்டுக்காரரிடம் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டோம்.